நாளை நம் முகம் எப்படி இருக்கும்?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசையும் ஞானோபதேச வகுப்பும் முடிந்த பிறகு, நம் பங்கின் இளைஞர் சிலர் கோயில் வாசல் வேப்பமரத்தடியில் கூடி நின்று பலமாய்ச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்ன சங்கதி என்று விசாரித்தேன். அவர்களில் ஒருவன் தன் கைபேசியை என்னிடம் நீட்டினான். அதில் ஒரு கிழவரின் முகம் தெரிந்தது. நரைத்த தலை, குழிவிழுந்த கன்னம், நெற்றியெங்கும் கோடுகள். "யார் இந்தப் பெரியவர்?" என்று கேட்டேன். "நான்தான் சாமி, எழுபது வயதில்!" என்றான் அந்தப் பத்தொன்பது வயதுப் பிள்ளை.

2019-ம் ஆண்டில் உலகமெங்கும் பரவிய விளையாட்டு இது. ஒருவருடைய நிழற்படத்தைக் கொடுத்தால், பல ஆண்டுகளுக்குப் பின் அவர் எப்படி இருப்பார் என்று அந்தக் கருவியே கணித்துக் காட்டிவிடுகிறது. "சாமி, உங்களையும் பார்த்துவிடுவோம்" என்றார்கள். பிள்ளைகள் ஆசைப்படுகிறார்களே என்று நானும் நின்றேன். படம் பிடித்தார்கள், விரலால் ஒரு தட்டுத் தட்டினார்கள், என்னிடம் காட்டினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்தச் சிறிய திரைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தவர், ஆறு வருஷத்துக்கு முன் காலஞ்சென்ற என் தகப்பனார்.

பிள்ளைகளின் விளையாட்டைக் குற்றஞ் சொல்ல நான் இதை எழுதவில்லை. சிரிப்பது பாவமுமல்ல. ஆனால் அன்றிரவு செபம் முடித்துப் படுத்த பின்பும் அந்த முகம் என்னை விடவில்லை. நாளை நம் முகம் எப்படி இருக்கும் என்று அறிய யாருக்குத்தான் ஆசையில்லை? அதை முன்கூட்டி அறிய முடியுமா? அறிகிறவர்கள் எதைக்கொண்டு அறிகிறார்கள்? இதைச் சற்று ஆராய்ந்து பார்த்தால், நம் ஆத்தும காரியத்துக்கும் வீட்டுக் காரியத்துக்கும் வேண்டிய ஒரு பாடம் அதற்குள் இருக்கக் காண்போம். பொறுமையாய்ப் படியுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், பிள்ளைகள் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

முதலாவது, வயது என்பது ராசாவென்றும் கூலியாளென்றும் பார்ப்பதில்லை. எல்லோர் முகத்திலும் அது ஏறக்குறைய ஒரே முறையாகத்தான் வேலை செய்கிறது. அதனால்தான் கணிப்பதும் கூடுமாகிறது.

தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் தலையைப் பாருங்கள். மூளையைக் காக்கிற மண்டையோடு பெரிது, முகம் சிறிது. கண்கள் சீக்கிரமே பெரும்பாலும் வளர்ந்துவிடுகின்றன. மூக்கும் தாடையும் பின்னாலே, பல ஆண்டுகளாக, மெதுவாய் வளருகின்றன. குழந்தையின் கண் நமக்கு அவ்வளவு பெரிதாய்த் தோன்றுவது அதனாலேயே. பால்பற்கள் விழுந்து வேறு பற்கள் முளைக்கையில் தாடை கீழேயும் முன்னேயும் வளர்ந்து முகம் நீளுகிறது. வாலிபம் முடிந்த பின் வேறு வேலை ஆரம்பமாகிறது. தோலை இறுக்கிப் பிடித்திருக்கும் நார்ச்சத்து குறைகிறது. கன்னத்துக் கொழுப்பு வற்றிக் கீழே இறங்குகிறது. கண்குழி விரிகிறது. மூக்கின் நுனி தாழ்கிறது. பற்கள் போய்விட்டாலோ, தாடையெலும்பு தேய்ந்து, மூக்கும் மோவாயும் ஒன்றையொன்று பார்க்கத் தொடங்குகின்றன.

காதுகூட நீளுகிறது என்றால் நம்புவீர்களா? இங்கிலாந்து தேசத்தில் சில குடும்ப வைத்தியர்கள் தங்களிடம் வந்த 206 பேருடைய காதுகளை அளவெடுத்துப் பார்த்தார்கள். ஆண்டுக்குச் சராசரி 0.22 மில்லிமீட்டர் வீதம் காது நீளுகிறதென்று 1995-ல் ஒரு வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். ஐம்பது வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். நோயாளிகளுக்கு நன்மை கொண்டுபோன ஒரு வீட்டில், மனம் சோர்ந்திருந்த பாட்டி ஒருத்தியைச் சிரிக்க வைக்கலாமென்று இதைச் சொன்னேன். அவள் சிரித்தாள். பிறகு, "காது நீண்டு என்ன சாமி பிரயோசனம்? இந்த வீட்டில் என்னிடம் பேசுவாரில்லையே" என்றாள். வேடிக்கை சொல்லப்போன நான் தலைகுனிந்து வெளியே வந்தேன். அந்தப் பாட்டியை இந்தக் கட்டுரை முடியும்வரை மறந்துவிடாதீர்கள்.

நம் தலைமயிரில் ஒன்றையாவது வெளுக்கவோ கறுக்கவோ செய்ய நம்மால் ஆகாதென்று நம் ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். "அப்படியானால் நரைக்குச் சாயம் போடுவது பாவமா சுவாமி?" என்று சிலர் கேட்கிறீர்கள். பாவமில்லை. சுத்தமாயும் லட்சணமாயும் இருப்பது நல்லதுதான். ஆனால் கண்ணாடியின் முன் அரைமணி நேரம் நிற்கிறவர்கள், இரவில் ஆத்தும சோதனைக்கு ஐந்து நிமிஷம் நிற்கிறோமா என்று பார்த்துக்கொள்ளட்டும். முகத்துக்கு வரும் முதுமையைச் சாயத்தால் சில காலம் மறைக்கலாம். ஆத்துமத்தில் படியும் கறையை அப்படி மறைக்க முடியாது. பாவசங்கீர்த்தனத்தில் கழுவத்தான் முடியும்.

இரண்டாவது, வயது எழுதுவது பாதி என்றால், நம் வழக்கம் எழுதுவது மறுபாதி.

ஒரே கர்ப்பத்தில் உருவாகி, ஒன்றுபோல் பிறந்த இரட்டையர்களை வைத்தியர்கள் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் புகை பிடிக்கிறவர், மற்றவர் பிடிக்காதவர் என்றால், புகைப்பவருடைய கண்ணுக்குக் கீழும் வாயைச் சுற்றியும் முதுமை முந்திக்கொள்கிறது. பிறப்பு ஒன்று, வழக்கம் வேறு, முகமும் வேறாகிவிட்டது.

இதைவிட வியப்பான ஒன்று 2012-ல் அமெரிக்காவின் பேர்பெற்ற வைத்தியப் பத்திரிகையில் படத்தோடு வெளிவந்தது. 69 வயதுள்ள ஒரு மனிதர். 28 வருஷம் லாரி ஓட்டியவர். அந்த நாட்டில் ஓட்டுநர் இருக்கை இடதுபுறம். இத்தனை வருஷமும் வெயில் ஜன்னல் வழியாய் அவருடைய இடது கன்னத்தில் விழுந்துகொண்டேயிருந்தது. கண்ணாடி தடுக்கும் என்று நாம் நினைப்போம். வெயிலில் உள்ள ஒருவகைக் கதிர் கண்ணாடியையும் கடந்து வரக்கூடியது. படத்தில் அவருடைய வலது பாதி முகம் வயதுக்குத் தக்கபடி இருக்கிறது. இடது பாதியோ, தோல் தடித்து, மடிமடியாய்த் தொங்கி, அவருடைய தகப்பனார் முகம்போல் இருக்கிறது. ஒரே மனிதன், ஒரே நாளில் பிறந்த இரண்டு கன்னம். எந்தக் கன்னம் எதை நோக்கியிருந்ததோ, அது அந்தக் கன்னத்தில் எழுதிவிட்டது. ஒருநாளும் அவருக்கு அது வலித்திருக்காது. 

சகோதரரே, நம் ஆத்துமமும் அப்படித்தான். தினமும் எதை நோக்கி உட்கார்ந்திருக்கிறோமோ, அது சத்தமில்லாமல் நம்மில் எழுதிக்கொண்டிருக்கிறது. அயலான் வீட்டைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டே இருப்பவன் ஒரே நாளில் கெட்டவனாகிவிடுவதில்லை. 28 வருஷம் பார்த்தால் ஆகிவிடுகிறான். மோயீசன் சீனாய் மலையில் சர்வேசுரனோடு உரையாடி இறங்கி வந்தபோது அவர் முகம் பிரகாசித்தது. அது அவருக்கே தெரியாதிருந்தது என்று வேதாகமம் சொல்லுகிறது. கேடும் அப்படித்தான் தெரியாமல் ஏறும். நன்மையும் அப்படித்தான் தெரியாமல் ஏறும்.

குணமும் தன் கணக்கை முகத்தில் எழுதும் என்பதற்கு ஒரு பயங்கரமான சாட்சி உண்டு. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாகாணத்து வெஸ்ட்ஃபீல்டு என்னும் ஊரில் ஜான் லிஸ்ட் என்று ஒரு கணக்கர் இருந்தார். ஞாயிறு தவறாமல் தம் சபைக் கோயிலுக்குப் போகிறவர். அங்கே பிள்ளைகளுக்கு வேதபாடமும் கற்பித்தவர். அவருக்கு வேலை போயிற்று, கடன் ஏறிற்று. அதை வீட்டாரிடம் சொல்ல அவருடைய ஆங்காரம் இடங்கொடுக்கவில்லை. வேலைக்குப் போகிறவர்போல் காலையில் புறப்பட்டுப் போய் மாலையில் திரும்பி வந்துகொண்டிருந்தார். கடைசியில் 1971-ம் ஆண்டு நவம்பர் மாதம் 9-ந் தேதி, பெற்ற தாயையும் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் கொன்றுவிட்டுத் தலைமறைவானார். பேரை மாற்றி, வேறு ஊரில் மறுபடி மணம் செய்து, பழையபடி கணக்கெழுதி, ஏறக்குறைய 18 வருஷம் அகப்படாமல் வாழ்ந்தார்.

1989-ல் ஃபிலடெல்ஃபியா நகரத்துச் சிற்பி ஃபிராங்க் பெண்டர் என்பவர், பழைய படங்களைக்கொண்டு, முதிர்ந்த வயதில் அந்த மனிதன் எப்படி இருப்பான் என்று ஒரு தலைச்சிலை செய்தார். தோல் எவ்வளவு தொங்கியிருக்கும், மயிர் எவ்வளவு உதிர்ந்திருக்கும் என்பதோடு அவர் நிற்கவில்லை. இப்படிப்பட்ட குணமுள்ளவன் எப்படி வாழ்வான், எதை அணிவான் என்றும் மனோதத்துவம் அறிந்த ஒருவரோடு கலந்து யோசித்தார். தன்னைப் பெரிய மனிதனாகக் காட்டிக்கொள்ள விரும்புகிறவன் தடித்த கறுப்பு விளிம்புக் கண்ணாடி போடுவான் என்று தீர்மானித்து, சிலைக்கு அதையும் மாட்டினார். மே மாதம் 21-ந் தேதி அந்தச் சிலையைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். ஜூன் முதல் தேதி வர்ஜீனியா மாகாணத்தில் அவர் பிடிபட்டார். சிலைக்கு மாட்டியதுபோன்ற கண்ணாடிதான் அவர் முகத்திலும் இருந்தது. பேரை மாற்றினார், ஊரை மாற்றினார், குணத்தை மாற்றவில்லை, குணம் அவரைக் காட்டிக்கொடுத்தது. 2008-ல் காவலிலேயே அவர் இறந்தார்.

இதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் ஒரு காரணத்துக்காகச் சொன்னேன். நம் பங்கிலும் போன வேலையையும் ஏறிய கடனையும் மனைவியிடம் மறைத்துக்கொண்டு, பூசையில் முன்வரிசையில் முழந்தாளிடுகிற குடும்பத் தலைவர் யாராவது இருக்கக்கூடும். தம்பி, அப்படி நீ இருந்தால், இன்றைக்கே பேசு. மனைவியிடம் பேசு, முடியாவிட்டால் என்னிடம் வா. அறைவீட்டின் கதவு இரவு பத்து மணிவரை திறந்திருக்கும். கடன் ஒரு குடும்பத்தைக் கொல்லாது. மறைத்துவைத்த ஆங்காரம் கொல்லும்.

இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன். முகத்தைப் பார்த்து யாரையும் தீர்ப்பிடாதீர்கள். புண்ணியவாளருடைய முகமும் நோயால் கறுக்கும், வறுமையால் சுருங்கும். கொல்கத்தாவின் அர்ச். தெரேசம்மாள் 1929-ல் நம் நாட்டுக்கு வந்தபோது பதினெட்டு வயது இளம்பெண். 1997-ல் மரித்தபோது அந்த முகத்தில் கோடில்லாத இடமில்லை. வெயிலும், தெருவும், மரிக்கிறவர்களின் படுக்கையோரமும் அதில் எழுதியிருந்தன. அந்தக் கோடுகளை அழகற்றவை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

மூன்றாவது, இதுதான் நான் முக்கியமாய்ச் சொல்ல வந்தது. கணிக்கிறவர்கள் எதைக்கொண்டு கணிக்கிறார்கள்?

விளையாட்டுக்காக இல்லாமல், கண்ணீரோடு இந்தக் கணிப்பைத் தேடுகிறவர்கள் உலகத்தில் உண்டு. குழந்தையைத் தொலைத்த பெற்றோர்கள் அவர்கள். 2007-ம் ஆண்டு மே மாதம் 3-ந் தேதி இரவு, போர்த்துக்கல் நாட்டில் பிராயா டா லூஸ் என்ற கடற்கரை ஊரில், விடுமுறைக்கு வந்திருந்த ஒரு பிரிட்டிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தின் மூத்த பெண் மேடலின் மக்கான், தூங்கிக்கொண்டிருந்த அறையிலிருந்து காணாமற்போனாள். நாலாவது பிறந்தநாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அந்த மாதம் 30-ந் தேதி அவளுடைய தாயும் தகப்பனும் ரோமாபுரிக்குப் போய், அர்ச். இராயப்பர் ஆலய முற்றத்தில் பாப்பரசர் 16-ம் ஆசீர்வாதப்பரைச் சந்தித்தார்கள். அவர் அந்தக் குழந்தையின் படத்தை ஆசீர்வதித்தார். மாதங்கள் வருஷங்களாயின. பிள்ளை எங்கேயாவது இருந்தால் வளர்ந்திருப்பாளே! மூன்று வயதுப் படத்தை வைத்துக்கொண்டு ஆறு வயதுப் பிள்ளையை யார் கண்டுபிடிப்பார்? ஆகையால் 2009-ல், ஆறு வயதில் அவள் எப்படி இருப்பாள் என்று ஒரு படம் எழுதி வெளியிட்டார்கள். 2012-ல் லண்டன் காவல்துறையார், ஒன்பது வயதில் எப்படி இருப்பாள் என்று மற்றொரு படம் வெளியிட்டார்கள். தான் கண்ணால் காணாத தன் மகளின் முகத்தை அந்தத் தாய் கையில் வாங்கிப் பார்த்திருப்பாளே, அவள் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று தாய்மார்கள் யோசித்துப் பாருங்கள்.

இத்தகைய படங்களை எழுதுவதற்கென்றே கைதேர்ந்த ஓவியர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் காணாமற்போன பிள்ளைகளுக்காக 1984-ல் ஏற்பட்ட தேசிய நிலையம், பதினெட்டு வயதுவரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறையும் பிள்ளையின் படத்தைப் புதுப்பித்துக்கொண்டே வருகிறது. அந்த ஓவியர்கள் பெற்றோரிடம் முதலில் கேட்பது என்ன தெரியுமா? "உங்களுடைய பழைய படங்களைக் கொடுங்கள்" என்பதுதான். பிள்ளைக்கு இப்போது ஒன்பது வயதிருக்குமென்றால், தாய் ஒன்பது வயதில் எப்படி இருந்தாள், தகப்பன் ஒன்பது வயதில் எப்படி இருந்தான், அண்ணன் அக்காள் எப்படி இருந்தார்கள் என்று பார்க்கிறார்கள். பிள்ளையின் நாளைய முகத்தைத் தேடுகிறவர்கள் தகப்பனுடைய முகத்தில்தான் அதைத் தேடுகிறார்கள்.

மாறாத ஒன்றையும் அவர்கள் கவனமாய்க் காப்பாற்றுகிறார்கள். மேடலினுடைய வலது கண்ணில், கருவிழியிலிருந்து நிறவளையத்துக்குள் ஒரு கீற்று இருந்தது, பிறவி அடையாளம். முகம் நீண்டாலும், பல் மாறினாலும், மயிர் வளர்ந்தாலும் அந்தக் கீற்று இருக்கும். அதனால் அதைப் படத்திலும் வைத்தார்கள், விளம்பரங்களிலும் காட்டினார்கள். பெற்றவர்கள் தேடும்போது இரண்டைக் கொண்டு தேடுகிறார்கள்: ஒன்று தங்கள் சாயல், மற்றது பிள்ளையின் அழியாத அடையாளம்.

பிரியமான கிறிஸ்தவர்களே, நம் ஞானோபதேசம் இங்கே கண்முன் நிற்கிறதல்லவா? ஞானஸ்நானத் தொட்டியருகே நம் ஆத்துமத்தில் பதிந்த ஞான முத்திரை ஒருக்காலும் அழியாதென்று சிறுவயதில் மனப்பாடமாய்ச் சொன்னோம். நாம் பாவத்தில் எத்தனை தூரம் ஓடினாலும், யாரென்று அடையாளம் தெரியாமல் மாறிப்போனாலும், அந்த முத்திரையைக்கொண்டு பிதாவாகிய சர்வேசுரன் நம்மைத் தம் பிள்ளையென்று அறிகிறார். இனி நம் முகம் கடைசியில் எப்படி இருக்கும்? இப்போது நாம் சர்வேசுரனுடைய பிள்ளைகளாயிருக்கிறோம். இனி எப்படியாவோம் என்பது இன்னும் வெளியாகவில்லை. அவர் தோன்றும்போது அவருக்கு ஒப்பாயிருப்போம் என்று அர்ச். அருளப்பர் தம் முதலாம் நிருபத்தில் நமக்குப் போதிக்கிறார். ஓவியர்கள் செய்வதும் அதுதானே! பிள்ளை எப்படியாகும் என்று அறிய வேண்டுமா? தகப்பனைப் பார். சுருக்கமும் நரையும் வழியில் வருகிறவை. முடிவில் வருவது அவருடைய சாயல்.

இப்போது என் தகப்பனாருக்கு வருகிறேன். இதை எழுத எனக்கு வெட்கமாயிருக்கிறது. ஆனாலும் உங்களுக்குப் பிரயோசனப்படும் என்று எழுதுகிறேன்.

அவர் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் நாற்பது வருஷம் உப்பு வாரினவர். மேலேயிருந்து ஒரு வெயில். வெள்ளை உப்பிலிருந்து திரும்பி அடிக்கும் மறு வெயில். அந்த இரண்டு வெயிலும் அவர் முகத்தில் எழுதிய கூலியில்தான் நான் குருமடத்தில் படித்தேன். குருப்பட்டம் பெற்றபின் எனக்குப் பங்கு வேலை அதிகம். ஊருக்குப் போவது குறைந்தது. எட்டு வருஷத்துக்கு முன், பாலன் பிறப்புத் திருநாள் பூசைகளெல்லாம் முடிந்து மறுநாள் ஊருக்குப் போனேன். அதற்குமுன் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. வாரந்தோறும் பேசுகிறோமே என்று எனக்கு ஒரு சமாதானம். பேச்சில் குரல் கேட்டது, முகம் தெரியவில்லை. அந்த ஒன்றரை வருஷத்தில் அவருக்கு மிச்சமிருந்த பற்களும் போயின. ஒரு காய்ச்சலில் உடம்பு பாதியாயிற்று. எனக்குக் கவலை வரக்கூடாதென்று யாரும் சொல்லவில்லை.

பஸ்ஸைவிட்டு இறங்கினேன். புளியமரத்தடியில் ஒரு கிழவர் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். யாரோ பெரியவர் என்று எண்ணி, "தோத்திரம்" என்று சொல்லிவிட்டு அவரைக் கடந்து நாலு எட்டுப் போய்விட்டேன். எனக்குக் குருப்பட்டம் ஆன நாள்முதல் என்னை அவர் "சாமி" என்றுதான் அழைப்பார். வீட்டுப்பேர் சொல்லிக் கூப்பிட்டதேயில்லை. அன்று பின்னாலிருந்து, "ராசா" என்று ஒரு குரல் வந்தது. சின்ன வயதில் என்னைக் கூப்பிட்ட குரல். திரும்பினேன். அவர் சிரித்துக்கொண்டு, "பெட்டியைக் கொடு, நான் தூக்கிவருகிறேன்" என்றார். நான் அவரை அறியாமல் கடந்துபோனதைப்பற்றி அன்றும் சொல்லவில்லை. பிறகு சாகும்வரையிலும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பாருங்கள்: எனக்கும் வயதாகித்தான் இருந்தது. தலை முன்பக்கம் வழுக்கையாகி, வயிறு விழுந்து, கண்ணாடி போட்டிருந்தேன். அவர் பெற்ற பிள்ளையின் முகம் மாறித்தான் இருந்தது. ஆனால் தூரத்தில் பஸ் நின்றபோதே அவர் என்னைக் கண்டுகொண்டார். மகன் தகப்பனை அறியவில்லை. தகப்பன் மகனை அறிந்தார். லூக்காஸ் சுவிசேஷத்தில் ஊதாரிப் பிள்ளை திரும்பி வரும்போது, அவன் இன்னும் தூரத்தில் இருக்கையிலேயே தகப்பன் கண்டார் என்றிருக்கிறது. பசியால் மெலிந்து, பன்றி மேய்த்த அழுக்கோடு, கந்தையோடு வந்தவனை வேறு யார் அறிந்திருப்பார்? ஆனால் தகப்பனுக்குப் படம் வேண்டியதில்லை. தினம் வழியைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எத்தனை வயதானாலும் பிள்ளை பிள்ளைதான். அந்த உவமையை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். புளியமரத்தடியில்தான் அது எனக்கு விளங்கிற்று.

சென்ற மாதம் பிள்ளைகளின் கைபேசியில் நான் கண்டது அந்த முகத்தைத்தான். அன்று நான் அறியாமல் கடந்துபோன அதே முகம். நாளை நான் எப்படி இருப்பேன் என்று கணிக்க ஒரு கருவியே எனக்கு வேண்டியிருக்கவில்லை. நாலு எட்டுத் தூரத்தில் அது எனக்காகத் தடியூன்றி நின்றுகொண்டிருந்தது. நான் பார்க்கவில்லை.

உங்களில் அநேகர் வீட்டில் அந்த முகம் இன்னும் உயிரோடு இருக்கிறது. திண்ணையிலோ, பின்கட்டுக் கட்டிலிலோ, தொலைக்காட்சிக்கு எதிரே ஒரு மூலையிலோ இருக்கிறது. பிள்ளைகள் கைபேசியில் தங்கள் கிழமுகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்த முகம் அவர்களுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருக்கிறது. அதை யாரும் பார்ப்பதில்லை. அந்தப் பாட்டியின் வார்த்தையை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகையால் இந்த வாரத்துக்கு மூன்று காரியம் சொல்கிறேன். செய்ய அரிதானது ஒன்றுமில்லை.

இன்று இரவு குடும்பச் செபமாலை சொல்லுமுன், வீட்டில் மூத்தவர் யாரோ, அவரை நடுவே உட்காரவைத்து, அவர் முகம் தெரியும்படி எல்லோரும் உட்காருங்கள். விளக்கு அவர் முகத்தில் விழட்டும்.

வரும் முதல் வெள்ளிக்கிழமை நோயாளிகளுக்கு நன்மை கொண்டுவருவேன். அப்போது வீட்டுப் பிள்ளைகளில் ஒன்று மெழுகுவர்த்தியோடு கட்டிலருகே நிற்கட்டும். ஆண்டவர் யாருடைய நாவில் எழுந்தருளுகிறார் என்று அது கிட்டே நின்று பார்க்கட்டும்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கிறவர்கள், குரலை மட்டும் கேட்டுத் திருப்தியடையாதீர்கள். முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். வரமுடிந்தவர்கள் வாருங்கள். ஒன்றரை வருஷம் பொறுக்காதீர்கள். பெற்றோர் ஏற்கெனவே மரித்துப்போனவர்கள், உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்காக ஒரு பூசை காணுங்கள். நானும் என் தகப்பனாருக்காகச் சனிக்கிழமை காலைப் பூசை ஒப்புக்கொடுக்கிறேன். கூடி வந்து செபியுங்கள்.

சர்வேசுரா சுவாமி, எங்கள் முகங்கள் மாறும், மண்ணாகும். தேவரீர் எங்களில் பதித்த முத்திரையை மறவாதேயும். நாங்கள் அறியாமல் கடந்துபோன முகங்களுக்காக எங்களைப் பொறுத்தருளும். கடைசி நாளில் நாங்கள் தூரத்தில் வரும்போதே எங்களைக் கண்டுகொண்டு, பேர் சொல்லி அழைத்தருளும். ஆமென்.

உங்கள் பங்குக் குருவானவர்